மருந்தும் மார்க்கமும்

சென்ற கார்த்திகையில் ஆறுமுக நாவலரின் குருபூசைத் தினத்தை முன்னிட்டு எமது கல்லூரியிலே ஒரு கூட்டம் நடைபெற்றது. மிசனரிமாரின் சமயப் பிரசாரத்தை நாவலர் தனியொருவராய் எதிர்த்து நின்ற வரலாற்றை நாம் எடுத்துரைத்தோம். பேச்சு முடிந்ததும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சமயம் மாற்றுவதற்காகத்தானே அவர்கள் ஆசுப்பத்திரி கட்டினார்கள்?" என்று வினவினான்.

'ஆம்' என்று கூறிவிட்டு அமர்ந்திருக்கலாம். வரலாறும் அதற்கு இடங்கொடாமல் இல்லை. எனினும் அந்த ஒரு சொல் எம் நாவில் எழ மறுத்தது. நாம் இவ்வுலகிற் பிறந்ததே இணுவில் மிசன் வைத்தியசாலையில் அல்லவா? "விடையை நேரிலேயே தேடிப் பார்ப்போம்" என்று கூறி, அடுத்த ஞாயிறு காலை அம்மாணவனையும் அவன் தோழர் இருவரையும் அழைத்துக்கொண்டு மானிப்பாய்க்குப் புறப்பட்டோம்.

இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. ஆனைக்கோட்டை வழியாகச் சைக்கிள்களில் சென்றோம். வயல்களில் நீர் நிரம்பி நின்றது. ஈரமான பனைகளில் இளவெயில் பட்டு மின்னியது. மானிப்பாயை அடைந்ததும் முதற்கண் மருதடி விநாயகரை வணங்கினோம். திருநீற்று நெற்றியுடனேயே மிசன் வளவை நோக்கி நடந்தோம்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ஆம் ஆண்டிலாகும். 1819 இல் டாக்டர் ஜோன் ஸ்கடர் என்பவர் வந்து, பண்டத்தரிப்பிலே தங்கி, நோயாளருக்கு மருந்தளித்தார். இன்று நம்மவர் பலர் கடல் கடந்து சிகிச்சைக்காக நாடிச் செல்லும் வேலூர் வைத்தியசாலையை 1900 ஆம் ஆண்டில் மிகச் சிறிய அளவிலே தொடக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியே என்று கூறியபோது மாணவர் வியந்தனர்.

மானிப்பாயின் பெயரோடு இணைந்து நிற்பவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவர் 1847 இல் இங்கு வந்தார். 1848 இல் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடக்கினார். அதே 1848 இலேதான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இன்னும் ஒரு விந்தை: இருவரும் பிறந்த ஆண்டு 1822. ஒரே ஆண்டிற் பிறந்த இருவர், ஒரே ஆண்டில், நாலைந்து மைல் இடைவெளியில், எதிரெதிர் நோக்கங்களோடு இரு கல்விக்கூடங்களைத் தொடக்கினர்.

கிறீன் தமிழைக் கற்றார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! பிரசவ வைத்தியம் 1857 இலும், இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். திரும்பிய பின்னரும் தமிழை விட்டாரில்லை. மனுஷ சுகரணம் என்னும் நூல் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டிலே அவர் காலமானார். சுதேசிகள் கிறிஸ்தவராகலாம், ஆனால் தம் உடையையும் உணவையும் கைவிட்டு மேனாட்டவராகிவிடல் ஆகாது என்பது அவர் கருத்து.

நாம் வளவினுள் நுழைந்தபோது காலை ஆராதனை முடிந்து சபையார் வெளியே வந்துகொண்டிருந்தனர். வேட்டி அணிந்த முதியவர் ஒருவர் எம் திருநீற்றைக் கண்டு புன்னகையோடு அருகில் வந்தார். அவர் சபை மூப்பருள் ஒருவர். வந்த காரணத்தைக் கேட்டறிந்ததும், "நல்ல கேள்விதான். வாருங்கோ மாஸ்டர், வாட்டுக்குப் போவம்" என்று எம்மைக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்.

போர்க்காலத்தில் இவ்வைத்தியசாலை பெரிதும் நலிவுற்றது. பின்னர் உள்ளூரவரும் புலம்பெயர்ந்தோரும் செய்த உதவியினால் மீண்டும் தலையெடுத்தது. நாம் சென்ற வாட்டிலே கட்டிலொன்றில் மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். அவர் நெற்றியிலும் திருநீறு. ஆராதனைக்கு உடுத்த வெள்ளைச் சேலையுடன் பெண்மணி ஒருத்தி அவர் அருகில் அமர்ந்து, "ஆச்சி, இரவு நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேட்டவாறே சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுவந்த கஞ்சியைக் கிண்ணத்தில் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சொந்தமோ?" என்று எம் மாணவன் மெல்லக் கேட்டான்.

"இல்லைத் தம்பி. தனிச்ச ஆள். ஞாயிறிலை நாங்கள் மாறி மாறி வந்து பாக்கிறனாங்கள்."

வேதப் புத்தகம் அவள் பையினுள்ளே இருந்தது. நாம் நின்ற நேரம் முழுவதும் அதனை அவள் வெளியே எடுக்கவில்லை. கஞ்சி குடித்து முடிந்ததும் மூதாட்டியின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்பொழுது நெற்றியிற் கலைந்திருந்த திருநீற்றைக் கண்டு, தலைமாட்டிலிருந்த சம்புடத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்தாள். எம் மாணவன் அதனைக் கண்கொட்டாது பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் மூப்பர் அவனை நோக்கிக் கூறினார்: "தம்பி, ஆதியிலை வந்தவை வேதத்தைச் சொல்லத்தான் வந்தவை. அதை நாங்கள் மறைக்கேல்லை. சைவத்தைப் பழிச்சும் எழுதினவைதான், அது பிழை. ஆனா வயித்துவலியோடை வந்தவனை, நீ என்ன சமயமெண்டு கேட்டிட்டு மருந்து குடுக்கேல்லை. அந்த நல்லதைத்தான் நாங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்."

தம் முன்னோரின் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட அந்த எளிமை எம்மை நாணச் செய்தது. நாவலரின் கண்டனங்களை ஆண்டுதோறும் மேடையில் எடுத்துக்கூறும் நாம், இந்த மருந்தின் வரலாற்றை ஒருமுறையேனும் கூறியதுண்டா?

மானிப்பாயிலிருந்து சுதுமலை வழியாக இணுவிலுக்குச் சென்றோம். செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்த சைவக் கிராமம் அது. கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தாற் புகழ் பெற்றது. அங்கேதான் 1898 இல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட நாணி, நோயோடு மடிந்த பெண்கள் வாழ்ந்த காலம் அது. மேரி லீச், மார்கிறெற் லீச் என்னும் சகோதரிகள் ஊரூராகச் சென்று பொருள் திரட்டினர். எம் தாயார் எம்மைப் பெற்றதும் இங்கேதான். பிள்ளைக்கு நட்சத்திரப்படி பெயரிட்டு, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, கோயிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். பிள்ளை கிறிஸ்தவனாகவில்லையே என்று ஒருவரும் வருந்தியதாக வீட்டில் நாம் கேள்விப்பட்டதில்லை.

வாயிற்புறத்து மரநிழலில் அமர்ந்து மாணவனின் வினாவை மீண்டும் எடுத்தோம். சமயம் பரப்பும் எண்ணம் இருந்தது உண்மை. ஆனால், சமயம் மாறாதவனுக்கும் அதே மருந்து, அதே கஞ்சி, அதே கனிவு கிடைத்ததும் உண்மை. ஒரு சபையின் விசுவாசம் எத்தகையது என்பதை அதன் பிரசங்கத்திலன்றி, தன்னைச் சேராதவனை அது நடத்தும் முறையிலேதான் அறியலாம். நாவலரும் இதனை அறிந்திருந்தார். 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கண்டனம் எழுதிய அதே கை கஞ்சித்தொட்டித் தருமத்தையும் நடத்தியது. ஒரே ஆண்டிற் பிறந்த அவ்விருவரும் வாதத்தில் எதிரெதிரே நின்றார்கள். பசித்தவன் முன்னும் பிணியாளன் முன்னும் அருகருகே நின்றார்கள்.

மாணவன் சிறிதுநேரம் மௌனமாக இருந்தான். பின்பு, "சேர், அந்த ஆச்சி எங்கட சமயம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏன் அவவைப் பாக்க வரேல்லை?" என்று கேட்டான்.

இவ்வினா முதல் வினாவிலும் கடியது. இதற்கு விடை தேட நாலைந்து மைல் சைக்கிளோட வேண்டியதில்லை. திரும்பும் வழியில் மாணவர் மூவரும் தமக்குள்ளே பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருந்து கஞ்சியோடு மானிப்பாய் வாட்டுக்குச் செல்வதாக எம்மிடம் கூறினர். "கூட வாருங்கோ சேர்" என்றும் அழைத்தனர். நாமும் இசைந்தோம்.