பெயர்ப் பட்டியல்

சென்ற வருஷம் ஒரு மத்தியானம், கடன் விண்ணப்பத்தோடு ஒருவர் என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தார். தூத்தூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. 2018-19 பட்ஜெட்டில் கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் நீட்டித்த பிறகு இப்படிச் சிலர் வருகிறார்கள். நிரப்பித் தருவது என் வேலையல்ல. ஆனால் அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மீன் அண்ணே பிடிக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சிராவு. ஆனா சிராவுன்னு எழுதாண்டாம் சாரே" என்றார். "மற்ற மீன்கள்" என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு வார்த்தைகள் உறுத்தின. சுறா என்ற பொதுப் பெயருக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. தடை சில இனங்களுக்குத்தான். அது அவருக்கும் தெரியும். ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிப்பதில் இந்த நாட்டிலேயே பேர்பெற்ற ஊர்கள் அவை. அங்கிருந்து வந்த ஒருவர் தன் தொழிலின் பெயரைச் சொல்லக் கூசினார். நான் அதை அழித்துக் கொடுத்தேன்.

இந்தக் கூச்சம் தொடங்கிய வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. 2001. எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தி பிரசவித்திருந்தாள். பால் ஊறப் பால்சுறா வேண்டுமென்று பாட்டி என்னையும் இழுத்துக்கொண்டு புதுக்கடைச் சந்தைக்குப் போனாள். வழக்கமாக மீன் தருகிற அம்மை, பெட்டியில் மேலே கிடந்த சாளையை விலக்கி அடியிலிருந்து இலையில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தாள். பாட்டிக்குச் சிரிப்பு. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வாங்குவதைக் கள்ளச்சாராயம் வாங்குவதுபோல் வாங்கிவிட்டு வந்தோம்.

நடந்தது இது. மைக் பாண்டேயின் ஆவணப்படம் ஒன்று குஜராத் கரையில் திமிங்கலச் சுறா கொல்லப்படுவதைக் காட்டியது. அந்த வருஷம் மே மாதம் அது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது, புலிக்குள்ள அந்தஸ்து. ஜூலையில் ஒரே அறிவிப்பில் எல்லாச் சுறாக்களும் எல்லாத் திருக்கைகளும் ஏறின. கடற்கரை கொந்தளித்தது. டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு எதையும் பிரதியாகப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. அந்தப் பத்தையும் அப்படித்தான் படித்தேன். எல்லாம் லத்தீன். அதற்குள் வேளா இருக்கிறது, உழுவை இருக்கிறது. ஆனால் வேளாவென்றும் உழுவையென்றும் இல்லை. பாண்டிச்சேரியின் பெயரால் ஒரு சுறா. விஞ்ஞானிகளே மிகச் சில மாதிரிகளைத்தான் பார்த்திருக்கிறார்கள். படகில், இருட்டில், இழுத்த கயிற்றின் நுனியில் இதையெல்லாம் ஒருவன் அடையாளம் காண வேண்டும். தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிச்சூடு நடந்த ஊர் புதுக்கடை. அதற்கு மூன்று நான்கு மைலில் இருக்கும் கடலுக்கு அரசாங்கம் லத்தீனில் பேசிற்று.

தமிழாக்கியபோது இன்னும் வேடிக்கை. வன உயிரினம். வன விலங்கு. கடலில் ஏது வனம்? இந்தச் சட்டம் வனத்துறையின் கையில் இருக்கிறது. குலசேகரம், களியல் என்று மலையோரத்தில் சரகம் வைத்திருக்கும் துறை, துறைமுகத்துக்கு வந்து மீனின் துடுப்பைப் பார்க்கவேண்டியதாயிற்று. மீன்வளத் துறையின் தடையோ வேறு மாதிரி. விசைப்படகுகளுக்கு 61 நாள். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15இலிருந்து, குளச்சலில் ஜூன் 1இலிருந்து. ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர். முணுமுணுப்பு உண்டு, ஆனாலும் நாளை எவனும் எண்ணிவிடலாம்.

பி.ஏ.யில் எங்களுக்கு ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் பாடம். சுறாக்கள் விதி, காலம், விமர்சகர்கள் என்றெல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டோம். தூத்தூர்ப் பையன் ஒருவன் வெளியே வந்து கேட்டான்: "கெழவன் தெனம் சுறா எண்ண குடிக்கான். துறைக்கு எதுத்தாப்புல சுறா அறுக்க பாக்டரி இருக்கு. பின்ன எப்பிடிடே அது விதியாவும்? அது சரக்குல்லா." அந்த வகுப்பில் நடந்த ஒரே விமர்சனம் அதுதான் என்று இப்போது படுகிறது.

ஆனால் சரக்கு மட்டும்தானா? சுறா சாளையைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. வருஷக்கணக்கில் வளர்ந்து, சில குட்டிகளே போடுகிறது. எங்கள் ஆட்கள் கொச்சியையும் குஜராத்தையும் தாண்டிப் போவது வீரத்தினால் மட்டுமல்ல, பக்கத்துக் கடலில் இல்லாததனாலும். 2015இல் துடுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது தவறு என்று என்னால் சொல்லமுடியவில்லை. இதை அங்கே போய்ச் சொல்லும் தைரியம் எனக்கில்லை என்பது வேறு விஷயம்.

குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்குப் பேரல் என்று பெயர். குத்திப் பிடித்ததும் மூழ்காமலிருக்கப் பேரல்களைக் கட்டுவார்களாம். 2004 வாக்கில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, அது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். வாலி என்று பெயர் விழுந்தது, பிரியமானவள். மீனவர்கள் சொந்த வலையை அறுத்து விட்டார்கள். வலைக்கு வனத்துறை பணம் கொடுத்தது. பணமில்லாமல் பெயர் மட்டும் வேலை செய்திருக்காது என்று என் வங்கி மூளை சொல்கிறது. ஆனாலும் யாரோ ஒருவர் அந்தக் கரையின் பாஷையில் யோசித்திருக்கிறார். பிரசவ வீட்டுக்குப் பால்சுறா தேடிய எங்கள் கரைக்கு அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

கார்டு வாங்க அவர் மறுபடி வந்தபோது கூட்டமில்லை. சுறாவில் எத்தனை வகை அண்ணே என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். நான் ஒரு செலான் முதுகில் எழுதினேன். கொம்பன் என்றார், உழுவை என்றார், நான் கேட்டேயிராத நாலைந்து பெயர்கள் சொன்னார். எழுத்து சரியா என்று கேட்டேன். "அத நாங்க எழுதினதே இல்ல சாரே" என்றார். வேளா என்றதும் நிறுத்தினார். அது தன் கையில் ஏறி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, அதையும் எழுதவா என்று கேட்டார்.