பிள்ளை எழுதிய சங்கீதம்

செம்பூரில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில் காலை ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்த ஒன்றரை மணிக்குள் குடங்கள் நிறைய வேண்டும். மூத்தவளுக்குத் தலை பின்ன வேண்டும். இளையவனை எழுப்பிப் பல் தேய்க்கச் செய்ய வேண்டும். கைக்குழந்தையோ இவற்றுள் ஒன்றும் நிறைவேறாதபடி முந்தானையைப் பற்றிக்கொண்டே நிற்கும். இக்கட்டுரை முழுவதும் ‘நாம்’ என்றே எழுதிச் செல்கிறோம். அது பெருமையினால் அன்று. மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாய் ‘நான்’ என்று சொல்லத்தக்கபடி தனியாக நின்ற நேரம் எது என்று யோசித்துப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது நாசரேத்தில். அங்கே விடியற்காலையில் ஆலய மணி கேட்கும்; தகப்பனார் பாயில் அமர்ந்து வேதத்தை விரித்துவிடுவார்; கண்ணைக் கசக்கிக்கொண்டு நாமும் அருகில் உட்காருவோம். அப்படியே நம் பிள்ளைகளையும் வளர்ப்பது என்று எண்ணித்தான் இவ்வூருக்கு வந்தோம். ஆனால் பிள்ளைகளின் தகப்பனார் ஷிப்டு வேலைக்காரர். காலையில் அவர் இருந்தால் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடியிருப்பார்கள். பிள்ளைகள் இருந்தால் அவர் உறங்கிக்கொண்டிருப்பார். எனவே குடும்ப ஜெபம் இரவு எட்டரை மணிக்கு மாறிற்று. குக்கரின் மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க எழுந்து போய், மீண்டும் வந்து, விட்ட வசனத்திலிருந்து தொடங்கும் ஜெபம் அது. ஆண்டவர் அந்த விசிலையும் பழகிக்கொண்டிருப்பார் என்றே நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடு வேறு. தமிழ் ஆராதனைக்கு ஹார்பர் லைனில் ஏறிக் குர்லாவில் இறங்கி, வேறு வண்டி மாறித் தாதருக்குச் செல்ல வேண்டும். ரயில்வேக்காரர்கள் ‘மெகா பிளாக்’ என்று வண்டிகளை நிறுத்தித் தண்டவாளம் செப்பனிடுவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்பதைப் பம்பாய்ச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தையும் பால் புட்டியும் வேதப்புத்தகமும் குடையுமாகக் குர்லா மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது, நாசரேத்தில் வீட்டு வாசலிலிருந்து நடந்தே ஆலயம் சேர்ந்துவிடுவோமே என்ற நினைவு வராமலில்லை.

நிற்க. சொல்ல வந்தது மூத்தவளைப் பற்றி.

அவளுக்கு வயது ஒன்பது. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி மூன்றும் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஆராதனைக்குப் பின் நடக்கும் தமிழ் வகுப்புக்கு நான்கு வருஷம் அனுப்பியும், அகரம் முதல் ஔகாரம் வரை பாட்டாகப் பாடுவாளேயன்றி, எழுத்தைக் காட்டிக் கேட்டால் கூரையைப் பார்ப்பாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் சபைப் பிள்ளைகள் ஒரு வேதபகுதியை மனப்பாடமாகச் சொல்வது வழக்கம். சென்ற வருஷம் அவளுக்கு 121ஆம் சங்கீதம் கொடுக்கப்பட்டது. எட்டே வசனம். நாம் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் கேட்டுச் சொல்வதென்று ஏற்பாடு.

ஒரு நவம்பர் மாலை. கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். அன்று காலை தண்ணீரும் அரைமணிக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. அவள் பைக்குள் மராத்தி நோட்டைத் தேடியபோது, கடைசித் தாளில் தேவநாகரி எழுத்தில் எட்டுப் பத்தி எழுதியிருக்கக் கண்டோம். ஏதோ மராத்திப் பாடம் என்று வாசிக்கத் தொடங்கினோம். இரண்டு சொல் தாண்டியதும் தூக்கிவாரிப் போட்டது. அது தமிழ்! நாம் சொன்ன சங்கீதத்தை அப்படியே அந்த எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

நமக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. “தமிழை இந்த எழுத்திலா எழுதுவது? உனக்கு வெட்கமாயில்லையா?” என்று கேட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டோம். அவள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் இட்டுவிட்டு, நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

அன்றிரவு ஜெபத்தில் அவள் முறை வந்தது. கண்ணை மூடியிருந்தாள், வாயையும் மூடியிருந்தாள். சற்றுப் பொறுத்து இளையவன் தன் ஜெபத்தைச் சொன்னான். அவன் நாள்தோறும் கீழ்வீட்டு நாய்க்கும், அடிக்கடி நின்றுபோகும் லிப்டுக்கும் மன்றாடுகிறவன். அன்று மட்டும், “ஆண்டவரே, அம்மா அக்கா நோட்டைக் கிழிச்சிட்டாங்க, ஆமென்” என்று முடித்துக்கொண்டான். பிள்ளைகளின் தகப்பனார் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

பிள்ளைகள் உறங்கிய பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உன் தங்கைக்குக் கைபேசியில் தினமும் எழுதுகிறாயே, அது எந்த எழுத்து?” நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ‘சாப்பிட்டாயா’ என்பதையும் ‘தூங்கிவிட்டானா’ என்பதையும் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. தமிழ் எழுத்து அந்தக் கருவியிலேயே இருக்கிறது; தேடித் தட்டச் சோம்பல். நாம் சோம்பலினால் செய்ததை அவள் ஆசையினால் செய்தாள் என்பது அன்றிரவே விளங்கிற்று. ஆயினும் பிள்ளையிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நாம் வளர்ந்த வீட்டில் கண்டதே இல்லை. இப்படியே பதினொரு நாள் கழிந்தது. பதினொரு இரவும் அவள் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மாமியார் வந்து சேர்ந்தார். உடன்குடிக் கருப்பட்டியும், முதலூர் மஸ்கோத் அல்வாவும், பெரிய எழுத்து வேதப்புத்தகமும் அவருடன் தாதரில் இறங்கின. வந்த இரண்டாம் நாளே, “மூத்தவ ஏன் மகளே ஜெபத்துல பேச மாட்டேங்கா?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடாமலே சற்று நேரம் இருந்தார்.

“எங்க அம்மைக்கு ஒரு எழுத்தும் தெரியாது மகளே. எங்க ஐயா வாசிக்கக் கேட்டுக் கேட்டே அம்பது சங்கீதம் சொல்லுவா. பனைவிடலியில சுள்ளி பொறுக்கும்போதும் சொல்லுவா. எழுத்துத் தெரியாதவ ஜெபத்த ஆண்டவர் தள்ளிட்டாரா?” என்றார். பிறகு தாமே சிரித்து, “பிள்ள நாகரியிலாவது எழுதுதே” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் நம் சங்கத்து நூலகத்திலிருந்து தமிழ் அச்சின் வரலாறு பற்றிய நூலொன்று கொண்டுவந்து வைத்திருந்தோம். கைக்குழந்தை உறங்கும் மதிய வேளையில் புரட்டியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. 1554ஆம் வருஷம் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ் ஜெபங்கள் அடங்கிய சிறு நூலொன்று அச்சிடப்பட்டதாம். தமிழில் அச்சான முதல் நூல் அதுவே. ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்தும் கிடையாது! முழுவதும் ரோமன் எழுத்து. தமிழ்ச் சொற்களுக்கு மேலே போர்ச்சுகீசியப் பொருளைப் பொடியாக அச்சிட்டிருந்தார்கள். ஆக்கியவர்கள் அவ்வூரில் இருந்த மூன்று இந்தியர். அவர்களில் ஒருவருக்கு ‘நாசரேத்து விசேந்தே’ என்று பெயர். அது வேதத்து நாசரேத்து; நம் ஊர் அப்பெயரைப் பெற்றது பிற்காலத்தில். இருந்தாலும் அந்தப் பெயரைக் கண்டதும் நெஞ்சு ஒருகணம் நின்றது. கடல் கடந்து வாழ்ந்த அவர்களுக்கும் ஜெபம் தமிழில்தான் வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்ட எழுத்தோ வேறாக இருந்தது. 24 வருஷம் கழித்து, 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில், அதாவது நம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில், நெடுங்காலம் ஊழியம் செய்தவர். நாங்கள் வேறு சபையார். ஆனாலும் அவரை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டோம்.

முதல் நூலைக் கண்டு யாரும் கிழித்துப் போடவில்லையே என்ற எண்ணம் எழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டோம்.

மாலை பள்ளியிலிருந்து வந்தவளைச் சமையலறைக்கு அழைத்து, “அம்மா செய்தது தப்பு. உன் தாளைக் கிழித்திருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்” என்றோம். சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். பால் தம்ளரைப் பார்த்தபடியே, “அந்த நோட்டில் இன்னும் தாள் இருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

இரவு அவள் பக்கத்தில் அமர்ந்து முதல் வசனத்திலிருந்து தொடங்கினோம். அப்போதுதான் சில ஆச்சரியங்கள் தெரியலாயின. ‘பர்வதம்’ என்னும் சொல் அவளுக்குக் கடினமாயிருக்கும் என்று விளக்கப் போனோம். “தெரியும், மராத்தியிலும் பர்வத்-தான்” என்றாள். ‘ஸ்தோத்திரம்’ தெரியுமா என்று சோதித்தோம். அடுத்த வீட்டு ஆஜி விளக்கேற்றிச் சொல்வதும் ஸ்தோத்திரம்தானே என்றாள். சிவாஜி மகாராஜாவின் சரித்திரம் படித்தவளுக்கு ‘ராஜ்யம்’ என்றால் என்னவென்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ‘ஒத்தாசை’ அவளுக்குத் தெரியவில்லை! நாசரேத்தில் குடம் தூக்கிவிடுவதற்குக்கூட அந்தச் சொல்லைத்தான் சொல்வோம். இவ்வூரில் பத்து வருஷமாக நம் வாயிலிருந்தே அது வராமற்போயிருக்கிறது. வேதத் தமிழின் வடசொற்கள் பிள்ளைக்குப் புரியாது என்று ஏங்கிக்கொண்டிருந்தோம். வீட்டுத் தமிழ்ச் சொல்லைத்தான் தொலைத்திருந்தோம்.

எழுத்தில் அவளுக்கு இடறல் மூன்று. ‘நிழல்’ என்று எழுதப் போனாள். மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. நம் ஊர்ப் பேச்சிலும் ழகரம் பல சமயம் ளகரமாகிவிடுவதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும் ஆச்சி முன்னால் விட்டுக்கொடுக்க மனமில்லை. “இதற்கு எழுத்தே இல்லையே, என்ன செய்ய?” என்று கேட்டாள். ஒரு ழகரத்தைப் பென்சிலால் எழுதிக் காட்டினோம். தேவநாகரி வரியின் நடுவே அந்த ஓர் எழுத்தை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டாள். அடுத்து ‘உறங்கார்’, றகரம் வந்து அமர்ந்தது. பிறகு ‘வெயில்’. அவள் எழுதியதை வாசித்தால் ‘வேயில்’ என்று நீண்டது. அவள் படித்த எழுத்தில் குற்றெகரம் இல்லை. இவ்வாறு மூன்று தமிழ் எழுத்துகள், வண்டியில் இடம் பிடிப்பவர்களைப் போல, அந்தத் தாளில் நுழைந்துவிட்டன. ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நோக்கி, “இது மூணும் எனக்குத் தெரியுது” என்றார்.

அன்றிரவு ஜெபத்தில் அவள் வாய் திறந்தாள். என்ன ஜெபித்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பண்டிகையன்று ஐந்தாம் வசனம் வரை நன்றாகச் சொன்னாள். ‘நிழல்’ என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்தி உச்சரித்ததால் அதற்கு அடுத்தது மறந்துபோயிற்று. முன்வரிசையிலிருந்த ஆச்சி மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவர் குரல் ஆலயம் முழுவதும் கேட்டது. இளையவன் கைதட்டினான்.

ஜனவரியில் மாமியார் ஊர் திரும்பினார். வண்டியில் ஏறும்போது பேத்தி ஒரு கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தாள். அதற்குள் அவளுக்குத் தமிழ் எழுத்து பதினேழு தெரிந்திருந்தது, மற்றவையெல்லாம் நாகரி. நான்காம் நாள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. “பாதி எழுத்து புரியுது மகளே, பாதி புரியல. வேற ஆள்ட்ட காட்ட மாட்டேன். அவளே வந்து வாசிச்சுக் காட்டட்டும்” என்றார்.

மே மாத விடுமுறைக்குப் போவதாயிருக்கிறோம். இப்போதெல்லாம் ரயில் சீட்டு அறுபது நாளைக்கு முன்பிருந்துதான் எடுக்கலாம் என்கிறார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் அவளே வட்டமிட்டு, பக்கத்தில் ‘ஆச்சி’ என்று எழுதியிருக்கிறாள். ஆகாரம் மட்டும் சற்றுக் கோணலாயிருக்கிறது.