வழியோரத் தொண்டர்

துன்பம் வந்தபோது அழுவது மக்கள் இயல்பு. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்துன்பம் பிறர்க்கும் வாராமல் காக்க முற்படுவது சான்றோர் இயல்பு. புற்றுநோயை எதிர்த்து நடைபெறும் தொண்டின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர்தம் தங்கை 1923இல் புற்றுநோயால் உயிர் நீத்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாமற்போன அத்துயரமே பின்னாளில் பெருந்தொண்டிற்கு வித்தாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடும், பொதுமக்கள் வழங்கிய பொருளோடும், 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் தோன்றியது. தொடக்கத்தில் அங்கு இருந்தவை 12 படுக்கைகளே. இன்றோ நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அதனை நாடி வருகின்றனர்.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய துயரம் தொண்டாக மலர்ந்தது. அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்பவர் 1974இல் தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980இல் அவரது முயற்சியால் 36 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று, ஏறத்தாழ 10,000 டாலர் திரட்டினர். ஆண்டுதோறும் தொடரும் அப்பயணத்தால் இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் சேர்ந்துள்ளது. மிதிவண்டி ஓட்டுவோரை ஊரார் கைதட்டி வரவேற்கின்றனர். ஆனால் வழியெங்கும் நீரும் உணவும் தந்து, பழுதுபட்ட வண்டியைச் செப்பனிட்டு, பாதை காட்டி நிற்கும் ஆயிரக்கணக்கான தொண்டர்களைப் பலரும் அறியார். அவர்கள் இல்லையேல் அப்பயணமும் இல்லை.

அத்தகைய பயணம் ஒன்று வட சென்னையில் நடைபெறுவதாக எண்ணிப் பார்ப்போம். மிதிவண்டி இப்பகுதிக்குப் புதியதன்று. துறைமுகத்திற்கும் தொழிற்சாலைக்கும் உணவுத் தூக்கை மாட்டிக்கொண்டு விடியலில் விரைந்த தொழிலாளர் பலர்க்கு அதுவே ஊர்தி. இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையில், வலப்புறம் கடல் முழங்குகிறது. சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் புழுதி எழுப்பிச் செல்கின்றன. திருவொற்றியூர் அருகே ஒரு திருப்பத்தில் கொடியும் தண்ணீர்க் குடமுமாக ஓர் இளைஞன் நிற்கின்றான்.

வலிமையுள்ளோர் முதலில் விரைந்து செல்கின்றனர். வெயில் ஏறுகிறது. கூடியிருந்தோர் கலைகின்றனர். ஆயினும் இளைஞன் அகலவில்லை. இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது என்று அவன் கையிலுள்ள கணக்குக் கூறுகிறது.

அப்பொழுது பழைய மிதிவண்டியில் அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், "எதற்குத் தம்பி இந்தப் பயணம்?" என்று வினவுகிறார். இளைஞன் விளக்குகிறான். முதியவர் சற்றே தயங்கி, "என் வாயிலும் ஒரு மாதமாக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. காரம் பட்டதால் வந்தது என்று இருந்துவிட்டேன்," என்கிறார்.

"ஐயா, எல்லாப் புண்ணும் புற்றுநோய் அல்ல. எனினும் மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நாளையே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்," என்று பணிவுடன் கூறுகிறான் இளைஞன். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலவகைப் புற்றுநோய்களைக் குணப்படுத்துதல் எளிது என்பதை அவன் கற்றிருக்கிறான். முதியவர் அவன் தந்த நீரைப் பருகிவிட்டுச் செல்கிறார்.

சிறிது நேரத்தில் இறுதி மிதிவண்டியும் வந்து சேர்கிறது. இளைஞன் கொடியைச் சுருட்டுகிறான். அவன் முன்னரே வீடு திரும்பியிருந்தால், அம்முதியவரிடம் அச்சொல்லைக் கூற யார் இருந்திருப்பார்?

மாணவர்களே! பெரும்பொருள் கொடுக்க எல்லாராலும் இயலாது. நெடுந்தொலைவு செல்லவும் எல்லாராலும் இயலாது. ஆனால் கடைசியில் வருபவருக்காகக் காத்து நிற்பது யாவர்க்கும் இயலும்.