எடின்பரோவில் ஒரு கிழப்பூனை

எடின்பரோவில் பத்து நாள் தங்கினேன். அறை வாடகை கிடையாது. வெளியூர் போயிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொண்டேன்.

பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் ஆண்டுச் சந்தா கட்டி இப்படி வீடு தேடலாம். கூலி கிடையாது. ஆனாலும் சில நாடுகள் இதையும் வேலையாகவே கருதும். விசா விதியைப் பார்த்துவிடுங்கள்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பூனைக்குத் தைராய்டு மாத்திரை. மீன் துண்டுக்குள் பொதிந்து வைத்தால் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். நான்காம் நாள் என் விரலிலிருந்தே வாங்கி விழுங்கியது. ஆர்தர்ஸ் சீட் குன்றின் உச்சியில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

முன்பின் தெரியாத நம்மிடம் சாவியையும் ஓர் உயிரையும் ஒப்படைத்துப் போகிறார்கள். செலவு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். விலங்குகள் மேல் அன்பிருந்தால் போங்கள்.