மைனஸ் முப்பதில் பன்னீர் வாசம்!

திராட்சைக் கொடி தூங்குமா பாஸ்?

கம்பம் பள்ளத்தாக்கில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்... சிரிப்பார்கள். சுருளிப்பட்டியில் எங்க தாத்தாவோட பந்தல் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கவாத்து வெட்டினா துளிர்க்கும், பூக்கும், நாலு மாசத்துல காய் வண்டி ஏறும். உடனே அடுத்த கவாத்துக்கு ஆள் சொல்லணும். இந்தப் பந்தல்ல அறுவடை நடந்தா பக்கத்துப் பந்தல்ல பூ நிக்கும். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அந்தத் திமிரோடதான் நான் ஃப்ளைட் ஏறினேன்.

இப்ப நிக்கிறது மின்னசோட்டா. மூணாம் வருஷம் மெக்கானிக்கல், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச். மார்ச் முதல் சனிக்கிழமை. மினியாபொலிஸிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் வந்தால் செயின்ட் கிராய் ஆறு. அக்கரை விஸ்கான்சின் மாநிலம். இக்கரையில் ஒரு சரிவு நிலத்தில் என் ரூம்மேட்டோட பாட்டியின் வைன் திராட்சைத் தோட்டம். பந்தல் எல்லாம் கிடையாது, கம்பி வேலியில் வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள். முழங்கால் வரை பனி. "செத்துப்போச்சா?"ன்னு கேட்டேன். "தூங்குது"ன்னாங்க பாட்டி. நவம்பர்ல படுத்த கொடியாம். இன்னும் எழுந்திருக்கலை!

(பாட்டி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாங்க. எழுபது வயசுக்காரங்களைப் பேர் சொல்ல நமக்கு நாக்கு வருமா? கடைசி வரைக்கும் 'மேம்'லயே ஓட்டிட்டேன்.)

பாட்டிக்கு ஒரு பிரச்னை. சரிவின் அடிப்பக்கம் நாற்பது கொடி நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. நர்சரிக்கு இந்த வாரமே ஆர்டர் போயாகணும். என்ன ரகம் நடுறது? கொடி நட்டால் மூணாவது வருஷம்தான் உருப்படியா காய். அதுக்கப்புறம் இருபது, முப்பது வருஷம் அதோடதான் குடித்தனம். அந்த இடத்துல ஏற்கெனவே ஒரு தடவை தப்பா நட்டு, போன இலையுதிர் காலத்துலதான் அத்தனையையும் வேரோட பிடுங்கியிருக்காங்க.

எனக்கு மேட்டர் சிம்பிளா தெரிஞ்சது. நாம இன்ஜினீயரிங் கவுன்சிலிங்ல கட்-ஆஃப் லிஸ்ட் பார்த்தோமே, அதே மாதிரி எந்த ரகம் எத்தனை மைனஸ் தாங்கும்னு வரிசையா எழுதி, மேலேருந்து டிக் அடிக்க வேண்டியதுதானே? சொன்னேன். பாட்டி பதில் பேசாம கையில ஒரு பிளேடைக் கொடுத்தாங்க.

நம்ம காலேஜ்ல லெக்சரர்ஸ் போடுற பிளேடு இல்லை, நிஜ பிளேடு!

ரெண்டு நாள் முன்னாடியே ஒவ்வொரு ரகத்திலும் குச்சி வெட்டி வந்து கிச்சனில் வெச்சிருந்தாங்க. சூட்டுல இருந்தாத்தான் செத்தது நிறம் மாறிக் காட்டிக் கொடுக்குமாம். கணுவில் இருக்கிற மொட்டை, வெங்காயம் அரியற மாதிரி குறுக்கே மெல்லிசா சீவணும். பார்க்க ஒரே மொட்டு. சீவினா உள்ளே மூணு! நடுவுல பெரிசா ஒண்ணு, ரெண்டு பக்கமும் சின்னதா ஒவ்வொண்ணு. பெரிசுதான் இந்த வருஷக் காய். அது செத்தா ரெண்டாவது முளைக்கும். அதுவும் போச்சுன்னா மூணாவது. பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, பழுப்புன்னா போச்சு. சாயங்காலம் வரைக்கும் சீவிச் சீவி எண்ணினோம். மின்னசோட்டா ரகங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பச்சை. ஆசைக்காக வெச்சிருந்த ஒரே ஒரு வரிசை ரீஸ்லிங், ஜெர்மனிக்காரர். சீவினதெல்லாம் பழுப்பு. பிளேடை மாத்திக்கூடப் பார்த்தேன்... பழுப்புதான்.

இதுல நம்ம தெர்மோடைனமிக்ஸ் இருக்கு மக்களே. குளிர்காலத்துல மொட்டுக்குள்ள இருக்கிற தண்ணி ஜீரோவுக்குக் கீழே போயும் உறையாம திரவமாவே நிக்கும். சூப்பர்கூலிங்! ஒரு கட்டத்துக்குக் கீழே போனா படக்குனு உறையும், செல் கிழியும், மொட்டு காலி. அப்படி உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளியே வருமில்லையா? பல்கலைக்கழகங்களில் மொட்டுகளைத் தெர்மோஎலெக்ட்ரிக் சென்சார் மேல உட்கார வெச்சு, ஃப்ரீசரில் மெல்ல மெல்லக் குளிர வைக்கிறாங்க. எந்த டிகிரியில குட்டியா ஒரு வெப்பத் துடிப்பு தெரியுதோ, அதுதான் அந்த மொட்டு செத்த டிகிரி. செகண்ட் செம்ல லேட்டன்ட் ஹீட்டை மனப்பாடம் பண்ணி எழுதினவன் நான். அது ஒரு உயிர் போற சத்தம்னு அப்ப யாரும் சொல்லலை.

முக்கியமான விஷயம், அந்த டிகிரி ஒரே நம்பர் கிடையாது. ஒரே கொடி அக்டோபர்ல லேசான குளிருக்கே சாகும், ஜனவரியில மைனஸ் முப்பதைத் தாங்கும், மார்ச்சில் திரும்பவும் பூஞ்சையாகிடும். பகல் குறையக் குறைய வளர்ச்சியை நிறுத்தி, பச்சைக் குச்சியைப் பழுப்பாக்கி, தண்ணியைக் குறைச்சுப் படுக்கத் தெரிஞ்ச கொடிதான் பிழைக்கும். பல ஐரோப்பிய ரகங்களுக்கு அந்தப் புத்தி லேட்டாதான் வரும். சுகவாசிகள்! பிரான்ஸின் போர்தோவும் இந்தத் தோட்டமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 45 டிகிரி வடக்கு. ஆனா போர்தோவுக்குப் பக்கத்துல அட்லான்டிக் கடல், வெந்நீர் ஒத்தடம் மாதிரி. இங்கே எந்தக் கடலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. 2019 ஜனவரி 30 அன்னிக்கு மினியாபொலிஸ்ல மைனஸ் 33 டிகிரி. ஐரோப்பியக் கொடிகளோட மொட்டு மைனஸ் இருபது, இருபத்தஞ்சுக்குள்ளேயே பெரும்பாலும் அவுட்.

பிடிவாதக்காரங்க அதையும் விடலை. 1970-களில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் நட்டவங்க, ஒவ்வொரு குளிருக்கும் கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்துத் தரையில் படுக்க வெச்சு மூடினாங்க. சீனாவின் நிங்சியாவில் இன்னிக்கும் வருஷா வருஷம் மண்ணுக்குள்ள புதைச்சு, வசந்தத்துல தோண்டி எடுக்கிறாங்க. நாற்பது கொடின்னா புதைச்சிடலாம். நாலாயிரம்னா? பாட்டி தன் முதுகைத் தொட்டுக் காட்டினாங்க.

இன்னொரு வழி, தாங்கற கொடியையே உண்டாக்குறது. இந்த ஆத்தங்கரை மரங்களில் ரைபேரியான்னு ஒரு காட்டுத் திராட்சை தானா படர்ந்து கிடக்கு. மைனஸ் நாற்பதுக்கும் அசராது. ஆனா பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, புளிப்பு உயிர் போகும். அதோட வீரத்தையும் ஐரோப்பியத் திராட்சையோட ருசியையும் சேர்த்தா? ஆத்தோட மேல்பக்கம், அக்கரையில் ஆஸியோலான்னு ஒரு ஊர். அங்கே எல்மர் ஸ்வென்சன்னு ஒரு பால் பண்ணை விவசாயி, 1943-லிருந்து இதையே வேலையா வெச்சிருந்தார். மாடு கறந்த நேரம் போக மகரந்தம் தடவுறது! யார் கேட்டாலும் குச்சி வெட்டிக் கொடுத்துடுவாராம். 2004-ல் காலமானார். மின்னசோட்டா பல்கலைக்கழகமும் பெரிய அளவுல இறங்கிச்சு. ஹனிகிரிஸ்ப் ஆப்பிளைக் கொடுத்த அதே ஆளுங்க. அவங்க ஃப்ரான்டனாக் ரகத்துக்குக் கலப்பு செஞ்சது 1978, வெளியிட்டது 1996. பதினெட்டு வருஷம்! நாம நாலரை தடவை பி.இ. முடிச்சிடலாம். (அரியர் இல்லாம.)

அப்புறம்தான் பாட்டி என் கட்-ஆஃப் லிஸ்ட்டைக் கிழிச்சாங்க. "இங்க இருக்கிற எல்லாமே ஜனவரியைத் தாங்கும். அது கேட்டைத் தாண்டுற தகுதி மட்டும்தான். என்னைக் கொன்னது ஜனவரி இல்லை, மே!"

காலியான அந்த இடத்துல முன்னாடி இருந்தது மார்க்கெட்ங்கிற ரகம். நம்ம காய்கறி மார்க்கெட் இல்லைங்க, பேரே அதுதான். 2006-ல் வந்தது, பினோ நுவாரோட வம்சம், சிவப்பு வைனுக்கு மாநிலத்திலேயே அதுக்குத்தான் மவுசு. ஒரே குறை, அவசரக்குடுக்கை. காட்டுத் திராட்சை ரத்தம் இல்லையா? நாலு நாள் வெயில் அடிச்சா கோடை வந்துடுச்சுன்னு கண்ணைத் திறந்துடும். இங்கே மே மாசத்துலகூட உறைபனி விழும். குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி பள்ளத்துக்கு ஓடி வந்து தேங்கும். சரிவோட அடியில இருந்த மார்க்கெட் மட்டும் துளிர்விட்ட வேகத்துல கருகிச்சு. மேட்டுல இருந்த அதே மார்க்கெட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு வருஷம் இல்லை, திரும்பத் திரும்ப. "ரகம் தப்பில்லை, நான் நட்ட இடம் தப்பு. ஒத்துக்கவே எனக்குப் பத்து வருஷம் ஆச்சு"ன்னாங்க. ரூம்மேட் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தான். அந்தப் பத்து வருஷ நஷ்டத்துல அவன் அம்மாவும் கடன் கொடுத்து மாட்டியிருக்காங்கன்னு கார்ல வரும்போதுதான் சொல்லியிருந்தான்.

பள்ளத்துக்கு வேற யாரு? ஃப்ரான்டனாக் நட்டா, முதல் மொட்டு போனாலும் ரெண்டாவது மொட்டு நல்லாவே காய்க்கும். ஆனா புளிப்பு ஜாஸ்தி, வைன் பண்றவர் பேரம் பேசுவார். இடாஸ்கான்னு ஒரு வெள்ளை ரகம், 2017-ல் வந்தது, புளிப்பு கம்மி. ஆனா புதுசு, இந்த மண்ணுல முப்பது வருஷம் என்ன பண்ணும்னு பார்த்தவங்க யாரும் இல்லை. சுத்தி இருக்கிற சோளக் காட்டுல களைக்கொல்லி அடிச்சா அந்த வாடையே திராட்சை இலையைச் சுருட்டிடும்ங்கிறது தனிப் பஞ்சாயத்து. அதுக்கு எந்த ரகத்தாலயும் தப்ப முடியாது.

சரி, வைன் எப்படி இருக்கும்னு கேக்குறீங்களா? தெரியாது! இங்கே 21 வயசு ஆகணும், எனக்கு இன்னும் ஏழு மாசம் பாக்கி. பாட்டி ரூல்ஸ் ராமானுஜம். கிளாஸை நகர்த்திட்டு, ஃப்ரீசரில் இருந்து ஒரு டப்பாவை எடுத்தாங்க. போன செப்டம்பர் அறுவடையில் எடுத்து வெச்ச பழங்கள். மங்கலான மஞ்சள் நிறம், ஐஸ் கட்டி. "லா கிரெசன்ட். 2002-ல் வந்தது. வாயில போட்டு உருக விடு."

பல்லு கூசிச்சு. அப்புறம் புளிப்பு. அப்புறம்... ஒரு வாசம். எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. காலங்காத்தால பறிச்ச பழத்தைக் கூடையில அடுக்கும்போது பந்தலுக்கு அடியில நிக்குமே, அந்த வாசம். கறுப்புப் பழம் இல்லை, வெயில் இல்லை, வாய் உறைஞ்சு கிடக்கு. ஆனா வாசம் அதேதான்.

உளறிக்கொட்டினேன். பாட்டி ஒரு பழைய நோட்டை எடுத்து, லா கிரெசன்ட்டோட குடும்ப மரத்தைக் காட்டினாங்க. ஒரு பக்கம் செயின்ட் பெப்பின். இன்னொரு பக்கம் ஈ.எஸ். 6-8-25, அதாவது அந்தப் பால் பண்ணைக்காரர் எல்மர் ஸ்வென்சனோட கொடி. அதுக்கு அப்பா அம்மா? ஒண்ணு ஆத்தங்கரை ரைபேரியா. இன்னொண்ணு... மஸ்கட் ஹாம்பர்க்.

மஸ்கட் ஹாம்பர்க்னா வேற ஒண்ணும் இல்லைங்க. எங்க ஊர் பன்னீர் திராட்சையோட இங்கிலீஷ் பேரு!

மணி சாயங்காலம் ஆறு. ஊர்ல காலை அஞ்சரை. தாத்தா தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார். வீடியோ கால் போட்டேன். இருட்டுல டார்ச் வெளிச்சமும் அவர் மூக்கும் மட்டும் தெரிஞ்சது.

"தாத்தா, நம்ம பன்னீரோட பேத்தி இங்க இருக்கு தாத்தா!"

"யாருப்பா? எந்தப் பன்னீரு? நம்ம மில்லுக்காரர் வீட்டுப் பன்னீரா?"

விளக்கிச் சொல்ல பத்து நிமிஷம் ஆச்சு. பனியைக் காட்டினேன். காய்ஞ்ச குச்சியைக் காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். "வருஷத்துக்கு எத்தனை வெட்டு?"

"ஒண்ணு தாத்தா."

"ஒண்ணா! வெளங்கிரும்" என்றவர், கொஞ்சம் பொறுத்துக் குரலை இறக்கினார். "உங்கப்பன் மேக்கால பந்தலைப் பிடுங்கிட்டு ஓடைப்பட்டிக்காரங்க மாதிரி விதையில்லாதது போடுவோங்கறான். பன்னீருக்கு ரேட்டு இல்லையாம். அந்தம்மா ரகம் எப்படிப் பார்க்குறாகளாம், கேளு."

கேட்டேன். பாட்டி ஆர்டர் பேப்பரில் எழுதிக்கிட்டிருந்தாங்க. பள்ளத்துக்கு நாற்பது ஃப்ரான்டனாக். லா கிரெசன்ட் இருக்கிற ரெண்டு வரிசையே போதுமாம். பழுத்தா உதிர்ந்துடும், முன்னாடி பறிச்சா புளிக்கும், இலைக்கு நோய் வரும், வாசத்துக்காகப் பொறுத்துக்கிறாங்களாம். தலையைத் தூக்காமலே, "அந்த இடத்துல காத்து எப்படின்னு முதல்ல கேளு. ரகம் அப்புறம்"னாங்க.

சொன்னேன். தாத்தா டார்ச்சைப் பந்தல் பக்கம் திருப்பினார். "மேக்கால காத்தா? ஆடியில கல்லுக்காலையே சாய்க்கும்டா. அத உங்கப்பன்கிட்ட எவன் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க தாத்தா."

"நான் சொன்னா கேப்பானா? அந்தம்மாவைப் பேசச் சொல்லு!"