நான்கு வீட்டுச் சாப்பாடு

நேற்றைய குழம்பைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற நம் குடும்பங்களில், மூன்று வாரத்துக்கு முன் செய்த குழம்பை ருசித்து உண்ணலாம் என்றால் யார்தான் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. கணக்கு உபாத்தியாயினிதான் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சிநேகிதிகள் நாங்கள் நால்வர். ஒவ்வொருத்தியும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பண்டத்தைப் பெரிய பாத்திரத்தில் சமைத்துப் பன்னிரண்டு டப்பாக்களில் அடைத்து, பிரீஸரில் உறைய வைத்து, வீட்டுக்கு மூன்றாகப் பங்கிட வேண்டியது. ஒரு நாள் உழைப்புக்கு மாதம் பன்னிரண்டு மாலைப் பொழுதுகள் லாபம்!

கணக்கில் பிழையில்லை, பிழை என் சொதியில் இருந்தது. எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. முதல் முறை வந்ததும் பெருமையோடு சொதி வைத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சுட வைத்தபோது தேங்காய்ப்பால் நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்து கிடந்தது. உருளைக்கிழங்கு பஞ்சாய்ப் போயிருந்தது. விஞ்ஞான உபாத்தியாயினி காரணம் சொன்னாள். வீட்டுப் பிரீஸரில் பண்டம் மெதுவாகத்தான் உறையும். மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாகிக் கிழங்கின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுமாம். புளிக்குழம்பு, பருப்பு, கொண்டைக்கடலை, இட்லி ஆகியவற்றுக்கு இந்தச் சங்கடமில்லை.

அவளே எங்களுக்குச் சட்டங்களும் வகுத்தாள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் அனைத்தும் செத்துவிடுவதில்லை, உறங்குகின்றன, அவ்வளவே. ஆகையால் சமைத்ததைத் தட்டையான பாத்திரங்களில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பலாகாது. நீர் உறைந்தால் பெருக்கும், மூடி தெறிக்கும். உண்ணும்போது ஆவி பறக்கக் கொதிக்க வைக்க வேண்டும்.

இவையெல்லாம் சுலபமாய்த் தீர்ந்த சங்கடங்கள். தீராத சங்கடம் என் தாயார்.

அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. சைவக் குடும்பம். கல்யாண வீட்டுப் பந்தியைத் தவிரப் பிறர் வீட்டில் கை நனைத்தவளல்ல. எங்கள் நால்வரில் இருவர் வீட்டிலோ மீனில்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. டப்பாவைக் கண்டதும், "நீ சாப்பிடு, எனக்கு ரசஞ்சோறு போதும்" என்று எழுந்துவிடுவாள்.

நான் சரித்திரம் போதிக்கிறவள். அம்மா பிறந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று எழுந்த பூசல் 1924-25-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியதை வகுப்பில் ஆவேசமாகச் சொல்வேன். வீட்டு அடுக்களையிலோ எனக்கு வாய் எழும்பாது. அம்மா அஞ்சுவது மீன்பட்ட கரண்டிக்கா, அல்லது அதைப் பிடித்த கைக்கா? கேட்டதில்லை. விடை என்னவாயிருக்குமோ என்ற பயந்தான்.

சென்ற ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து நான் திரும்ப இரவு எட்டு மணியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம்; நின்று உலை வைக்க இயலாது. என் டப்பாக்கள் முன்தினமே தீர்ந்துவிட்டன. விஞ்ஞான உபாத்தியாயினியின் கொண்டைக்கடலைக் குழம்பு ஒன்றுதான் மீதி. வழியெல்லாம் என்னை நானே நொந்துகொண்டு ஓடி வந்தேன். அடுக்களையில் அந்த டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"உப்பு ஒரு கல் கம்மி" என்றாள் அம்மா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை நான் புறப்படும்போது, அதே டப்பாவில் நாரத்தங்காய் ஊறுகாயை நிரப்பிக் கொண்டுவந்தாள். "ஏட்டி, ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கப்பிடாது" என்றாள்.

அப்போதுதான் அதுவரை நான் சொல்லாதிருந்ததைச் சொன்னேன். அந்தச் சிநேகிதி எங்கள் வீட்டுப் பங்கைச் சமைப்பதற்கென்றே புதிதாக ஒரு பாத்திரமும் கரண்டியும் வாங்கித் தனியே வைத்திருக்கிறாள் என்று.

அம்மா மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"அவளுக்கு எதுக்கு இந்த வீண் செலவு? கழுவினாப் போகாதா?"