ஓ.கே.ன்னா சம்மதமா?

கம்ப்யூட்டரும் செல்போனும் கேட்கிற கேள்விகளுக்கு நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஒரே பதில்தான். ‘ஓ.கே.’! கேள்வியைப் படிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

பழியை நம் தலையில் மட்டும் போடக்கூடாது. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா ஞாபகமிருக்கிறதா? புரோகிராம் ஏற்றினால் திரையை இருட்டாக்கி ‘அனுமதிக்கலாமா?’. கடிகாரத்தில் நேரத்தை மாற்றினாலும் ‘அனுமதிக்கலாமா?’. ஆப்பிள்காரர்கள் இதைக் கிண்டலடித்து விளம்பரமே எடுத்தார்கள். நாலு தடவை கேட்டால் படிப்போம். நாற்பது தடவை கேட்டால் விரல் தானாக அமுக்கிவிடும். 2012-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஆண்ட்ராய்டில் ஆப் ஏற்றும்போது வந்த அனுமதிப் பட்டியலைக் கவனித்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்!

படித்தால் மட்டும்? ‘அன்நோன் பப்ளிஷர்’ என்கிறது. பப்ளிஷர் என்றால் எனக்கு தி.நகர் பதிப்பகங்கள்தான் ஞாபகம் வரும். ‘அன்நோன் சோர்ஸ்’ என்பதைத் தமிழ்ப்படுத்தினால் ‘அறியப்படாத மூலம்’. (மூலம் டாக்டரிடம் காட்ட வேண்டிய சமாசாரம் இல்லையோ?)

எங்கள் தெருவில் ரிடையரான தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பத்திரிகை மாதிரி வந்த ஏ.பி.கே. ஃபைல். போன் தடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. இங்கிலீஷில் ஒரு நீள வாக்கியம், கீழே ‘கேன்சல்’, ‘செட்டிங்ஸ்’ என்று இரண்டு பட்டன். ‘கேன்சல்’ என்றால் கல்யாணத்தையே கேன்சல் பண்ணுவதுபோல் இருந்ததாம்! ‘செட்டிங்ஸ்’ அமுக்கினார். அடுத்து எஸ்.எம்.எஸ். அனுமதி. அதற்கும் ஓ.கே. பேங்க் அனுப்பிய ஓ.டி.பி. எவனுக்கோ போய், பென்ஷன் பணம் 38,000 காலி.

1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. “போன் என்னைக் கேட்டுத்தான் செஞ்சுது தம்பி. நான்தானே சரின்னேன்” என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பி.காம்.-ல் உருப்போட்ட 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவு: இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். போன் கேட்டது ஒன்று, இவர் சரியென்றது வேறொன்று. இது எப்படி சார் சம்மதம் ஆகும்?

2012-ல் வந்த விண்டோஸ் 8 ஒரு நல்ல காரியம் செய்தது. சந்தேகமான புரோகிராம் என்றால் கண்ணில் படுகிற பட்டனை அமுக்கினால் அது ஓடாது, ஓட்டுகிற வழி ‘மோர் இன்ஃபோ’வுக்குள் ஒளிந்திருக்கும். சரி, வார்த்தைகள்?

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாத்தியாரிடம் நீட்டினேன்: “இது பத்திரிகை அல்ல, புரோகிராம். உள்ளே விட்டால் உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸை, பேங்க் ஓ.டி.பி. உட்பட, படிக்கக்கூடும். நீங்களாகத் தேடிப் போகாமல் தானாக வந்ததென்றால் ஏற்றாதீர்கள்.”

இரண்டு தடவை படித்தார்.

“மூணே வாக்கியம். இதைப் போட அவங்களுக்கு என்ன தம்பி கஷ்டம்?” என்றார்.